மீட்கப்பட்ட மௌனப்படமும் புதிய இசையும்: ‘மெட்ரோபோலிஸ்’ திரைப்படத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மௌனப்படக் காலத்துச் செவ்வியல் படைப்புகள் மீட்டெடுக்கப்பட்டு மீண்டும் திரையிடப்படும்போது அவற்றுக்குப் புதிய இசை அமைப்பது இன்று பரவலான வழக்கமாகியுள்ளது. இவ்வழக்கம் பெரும்பாலும் சுவை சார்ந்த சிக்கலாகவே விவாதிக்கப்பட்டு வருகிறது. 1927-இல் வெளிவந்த ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் ஜெர்மானியத் திரைப்படத்தின் 1984, 2010 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இரு பதிப்புகளை ஒப்பிடும் இக்கட்டுரை, மௌனப்படத்தின் இசை அப்படத்தின் பாடத்தை உறுதிசெய்யும் சான்றாகவும் அமையக்கூடும் என்பதை விளக்குகிறது. அதன் அடிப்படையில், புதிய இசையை மதிப்பிடுவதற்குரிய மூன்று அளவுகோல்களையும் முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: மௌனப்படம், மீட்டெடுப்பு, இசைக்குறிப்பேடு, பாடம், உரை, மெட்ரோபோலிஸ், ஹுப்பெர்ட்ஸ், மோரோடர்

முன்னுரை

பழைய திரைப்படம் ஒன்றை மீட்டெடுத்தல் என்பது, சிதைந்தும் சிதறியும் கிடக்கும் படச்சுருள்களைத் தேடித் திரட்டி, ஒப்பிட்டு, அது முதன்முதலில் திரையிடப்பட்ட வடிவத்திற்கு இயன்றவரை அருகில் கொண்டுவரும் பணியாகும். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்து நூலைப் பதிப்பிக்கும் பணியோடு இதற்கு நெருங்கிய ஒப்புமை உண்டு. எனினும், மௌனப்படத்தைப் பொறுத்தவரை இப்பணியில் ஒரு தனிச்சிக்கல் எழுகிறது. படச்சுருளில் ஒலி இல்லை. மீட்கப்பட்ட படத்தை இன்றைய பார்வையாளர்முன் வைக்கும்போது அதனுடன் எவ்விசையை ஒலிக்கச் செய்வது என்னும் வினாவுக்குப் படச்சுருள் தானே விடை தருவதில்லை.

இவ்விடைவெளியில்தான் நவீன இசை நுழைகிறது. ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ படத்திற்குப் பெட் ஷாப் பாய்ஸ் என்னும் பிரித்தானிய இசை இணையர் 2004-இல் மின்னணு இசை அமைத்து, இலண்டன் டிராபல்கர் சதுக்கத்தில் படத்துடன் நிகழ்த்தினர். தாஜ்மகாலின் பின்னணியில் அமைந்த ‘ஷிராஸ்’ என்னும் 1928-ஆம் ஆண்டுப் படத்தைப் பிரித்தானியத் திரைப்படக் கழகம் மீட்டெடுத்தபோது, சிதார்க் கலைஞர் அனுஷ்கா சங்கர் அதற்கு இசையமைக்க, 2017-இல் அது இலண்டனில் திரையிடப்பட்டது. இத்தகைய முயற்சிகளை வரவேற்போர் பழம்படத்திற்குப் புத்துயிர் கிடைத்ததென்பர். மறுப்போர் காலமுரண் என்பர். இவ்விரு நிலைப்பாடுகளும் இசையைப் படத்திற்குப் புறத்தே நிற்கும் ஒன்றாகக் கொள்கின்றன. இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச்சிக்கலாகும். முதற்காட்சிக்கென எழுதப்பட்ட இசையும், அரை நூற்றாண்டுக்குப் பின் சேர்க்கப்பட்ட நவீன இசையும் ஆகிய இரண்டையும் பெற்றிருத்தலால் ‘மெட்ரோபோலிஸ்’ இவ்வாய்வுக்குரிய முதன்மைத் தரவாகக் கொள்ளப்பட்டது.

மௌனப்படத்தின் இசைச்சூழல்

மௌனப்படம் மௌனமாகப் பார்க்கப்பட்டதில்லை. பெருநகர அரங்குகளில் இசைக்குழுவும், சிற்றூர் அரங்குகளில் ஒற்றைப் பியானோவும் படத்துடன் ஒலித்தன. பெரும்பாலான படங்களுக்கெனத் தனி இசை எழுதப்படவில்லை. இன்ன காட்சிக்கு இன்ன வகை இசை எனப் பட்டியலிடும் குறிப்புத்தாள்களைக் கொண்டோ, தம் பயிற்சியையும் நினைவையும் கொண்டோ இசைஞர்கள் வாசித்தனர். ஆகவே, ஒரே படம் அரங்குக்கு அரங்கு வெவ்வேறு இசையுடன் காணப்பட்டது.

பெரும் பொருட்செலவில் உருவான சில படங்களுக்கு மட்டும் முழுநீள இசை எழுதுவிக்கப்பட்டது. ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘நீபெலுங்கர்’ (1924) படத்திற்கும், அதன்பின் ‘மெட்ரோபோலிஸ்’ படத்திற்கும் காட்பிரீட் ஹுப்பெர்ட்ஸ் அவ்வாறு இசையமைத்தார். பாத்திரங்களுக்கும் கருத்துகளுக்கும் தனித்தனி இசைக்கருக்களை அமைத்து, அவை மீண்டும் மீண்டும் உருமாறி வருமாறு தொடுக்கும் முறையை அவர் கையாண்டார். இறப்புச் சடங்கிற்குரிய ‘தியஸ் ஈரே’ என்னும் இடைக்காலப் பண்ணும், பிரெஞ்சுப் புரட்சியின் பாடலான ‘மார்செயேஸ்’ மெட்டும் இவ்விசையில் எடுத்தாளப்பட்டுள்ளன. பேரிசைக்குழுவுக்கென எழுதப்பட்ட அவ்விசை பெர்லின் முதற்காட்சியில் ஒலித்தது. ஆனால் படம் சுருக்கப்பட்டபோது, முழுநீளத்துக்கென எழுதப்பட்ட அவ்விசை படத்துடன் பொருந்தாமற் போயிற்று. எனவே, ‘மூல இசை’ என்பதும் ஒரு குறிப்பிட்ட அரங்குக்கும் குறிப்பிட்ட படநீளத்துக்கும் உரியதே என்பதை முதற்கண் மனங்கொள்ள வேண்டும்.

‘மெட்ரோபோலிஸ்’: சிதைவின் வரலாறு

தேயா ஃபான் ஹார்பூவின் கதையைக் கொண்டு லாங் இயக்கிய இப்படம், 1927 சனவரி 10 அன்று பெர்லினிலுள்ள ஊஃபா பாலாஸ்ட் அரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அப்போது அதன் நீளம் 4,189 மீட்டர். ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் ஓடக்கூடியது. நிலத்துக்கு மேலே செல்வர் வாழும் வானளாவிய நகரும், நிலத்துக்குக் கீழே எந்திரங்களோடு மல்லாடும் தொழிலாளர் நகருமாகப் பிளவுண்ட எதிர்கால உலகை இப்படம் காட்டுகிறது.

அமெரிக்க வெளியீட்டுக்காக நாடகாசிரியர் சானிங் பொல்லாக் இப்படத்தைப் பெரிதும் வெட்டி, கதையையும் மாற்றினார். 1927-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியிலும் சுருக்கப்பட்ட வடிவமே புழக்கத்துக்கு வந்தது. இவ்வெட்டுகளில் ஒன்று தனித்துக் குறிப்பிடத்தக்கது. அறிவியலாளன் ரோட்வாங் காதலித்த பெண்ணின் பெயர் ஹெல். அவள் நகரத்தலைவன் ஃபிரேடர்சனை மணந்து, மகன் ஃபிரேடரைப் பெற்றபோது இறந்தாள். இறந்தவளை மீட்டெடுக்கவே ரோட்வாங் எந்திரப் பெண்ணைப் படைக்கிறான். ஆங்கிலத்தில் ‘நரகம்’ என்று பொருள்படும் சொல்லின் ஒலியை ஒத்திருந்தமையால் ஹெல் என்னும் பெயர் நீக்கப்பட்டது. பெயருடன் அவள் கதையும் நீங்கிற்று. அதன் விளைவாக ரோட்வாங் காரணமின்றித் தீமை புரிபவனாகத் தோன்றலானான். படத்தின் கால்பங்கு மறைந்துபோனது என்றே பல பத்தாண்டுகளாகக் கருதப்பட்டு வந்தது.

மோரோடரின் பதிப்பு (1984)

இத்தாலிய இசையமைப்பாளர் ஜார்ஜியோ மோரோடர் 1984-இல் இப்படத்தின் புதிய பதிப்பை வெளியிட்டார். மின்னணு இசைக்கருவிகளைக் கொண்டு அவர் அமைத்த இசையுடன், பிரெடி மெர்குரி, பாட் பெனடார், போனி டைலர், ஆடம் ஆன்ட், ஜான் ஆண்டர்சன் முதலியோர் பாடிய பாடல்களும் இடம்பெற்றன. காட்சிகளுக்கு வண்ணச்சாயம் ஏற்றப்பட்டது; ஒலி விளைவுகள் சேர்க்கப்பட்டன; இடைத்தலைப்புகளுக்கு மாற்றாகப் பெரிதும் படத்தின் அடியில் ஓடும் துணைத்தலைப்புகள் இடப்பட்டன. இப்பதிப்பின் நீளம் சுமார் 80 நிமிடங்கள் மட்டுமே.

இப்பதிப்பை எள்ளி நகையாடுதல் எளிது. அவ்வாண்டின் மிக மோசமான படைப்புகளுக்கென வழங்கப்படும் ராஸி விருதுப் பட்டியலில் இதன் இசை இடம்பெற்றது. ஆயினும் இதன் நன்மைகளை மறைத்தல் ஆய்வு நெறியாகாது. நிழற்படங்களின் துணையால் ஹெல்லின் கதையை மீண்டும் படத்துக்குள் கொண்டுவந்தது இப்பதிப்பு. வெட்டப்பட்ட படத்தில் காரணமற்றிருந்த ரோட்வாங்கின் செயலுக்கு இதில் காரணம் கிடைத்தது. மேலும், ஆவணக் காப்பகங்களிலும் திரைப்படச் சங்கங்களிலும் ஒதுங்கியிருந்த ஒரு மௌனப்படத்தை இது பொது அரங்குகளுக்கு அழைத்து வந்தது.

சிக்கல் மின்னணு ஒலியில் இல்லை. அவ்வொலிக்கு இடமளிக்கப் படம் எவ்வாறு மாற்றப்பட்டது என்பதிலேயே உள்ளது. இதனை இரு சான்றுகளால் விளக்கலாம்.

முதலாவது, இடைத்தலைப்புகள். இடைத்தலைப்பு தோன்றும்போது காட்சி நிற்கிறது. மௌனப்படத்துக்கென எழுதப்பட்ட இசை அந்த நிறுத்தத்தைக் கணக்கிற்கொண்டு அமைவது. தொடர்ந்து ஓடும் பாடலுக்கோ அது தடையாகிறது. எனவே இடைத்தலைப்புகள் நீக்கப்பட்டுத் துணைத்தலைப்புகள் இடப்பட்டன. ஆனால் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் இடைத்தலைப்பு வெறும் செய்திப்பலகை அன்று. தொழிலாளர் நகரம் நிலத்தின் ஆழத்தில் கிடப்பதைக் கூறும் எழுத்துகள் திரையில் கீழ்நோக்கி இறங்குகின்றன; செல்வர்தம் மைந்தர்களின் உல்லாச உலகைக் கூறும் எழுத்துகள் மேல்நோக்கி ஏறுகின்றன. படத்தின் மையக்கருத்தாகிய மேல், கீழ் என்னும் பிளவு எழுத்தின் இயக்கத்திலேயே காட்டப்படுகிறது. துணைத்தலைப்பில் செய்தி எஞ்சும், இவ்வியக்கம் மறையும்.

இரண்டாவது, வேகம். படத்தின் தொடக்கத்தில் பணிமாற்றக் காட்சி வருகிறது. பணிக்குள் நுழையும் தொழிலாளர் அணி ஒரு வேகத்திலும், பணி முடித்து வெளியேறும் அணி அதனினும் தளர்ந்த வேகத்திலும் நடக்கின்றன. பத்து மணிநேரப் பணி உடலிலிருந்து எதனைப் பறித்துக்கொண்டது என்பதை அவ்வேறுபாடு சொல்லின்றி உணர்த்துகிறது. மாறாத வேகமுடைய தாளம் ஒன்று இத்தகைய காட்சியின் மீது ஒலிக்குமானால், பார்வையாளரின் செவி அத்தாளத்தையே அளவாகக் கொள்ளும். இரு நடைகளுக்கும் இடையிலான வேறுபாடு மங்கும். திரும்பத் திரும்ப வரும் பல்லவியும் சில நிமிட அளவில் முடியும் கட்டமைப்பும் கொண்ட வெகுசனப் பாடலுக்கு இவ்விடர்ப்பாடு இயல்பாகவே உண்டு. பாடற்சொற்களோ பாத்திரத்தின் மனநிலையை முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றன. முகத்தையும் உடலையும் படித்துப் பொருள்கொள்ள வேண்டிய பார்வையாளரின் பணி அதனாற் குறைகிறது.

ஹுப்பெர்ட்ஸின் இசைக்குறிப்பேடு: சான்றாகும் இசை

மோரோடரின் பதிப்புக்கு எதிர்த்திசையில் அமைந்தது காப்பகவியலாளர்களின் பணி. மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தைச் சார்ந்த என்னோ பத்தாலாஸ், எஞ்சிய படச்சுருள்களையும் எழுத்துச் சான்றுகளையும் ஒப்பிட்டுப் படத்தின் மூலவரிசையை அறிய முயன்றார். ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் முர்னாவ் அறக்கட்டளையின் முயற்சியில், மார்ட்டின் கோர்பரின் பொறுப்பில் உருவான மீட்டெடுப்பு 2001-இல் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அவ்வாண்டே யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இப்படம் இடம்பெற்றது.

இப்பணிகளுக்கு அடித்தளமாக அமைந்த எழுத்துச் சான்றுகள் இரண்டு. இடைத்தலைப்புகளின் சொற்களைப் பதிவுசெய்திருந்த தணிக்கை ஆவணம் ஒன்று. ஹுப்பெர்ட்ஸின் இசைக்குறிப்பேடு மற்றொன்று. இசைக்குழுவினர் படத்துடன் இணைந்து வாசிக்க வேண்டியிருந்தமையால், திரையில் நிகழும் செயல்களும் தோன்றும் சொற்களும் அக்குறிப்பேட்டில் அவ்வவ்விடத்தில் எழுதப்பட்டிருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அக்குறிப்புகள் இசைஞரின் வசதிக்காக இடப்பட்டவை. படச்சுருள் அழிந்தபின் அவையே படத்தின் வரிசையைக் காட்டும் சான்றாயின. எக்காட்சிக்குப் பின் எக்காட்சி வந்தது, ஒரு காட்சி ஏறத்தாழ எவ்வளவு நேரம் நீடித்தது, எவ்விடத்தில் படம் காணாமற் போயிற்று என்பவற்றை இசையின் வரிகளைக் கொண்டு கணிக்க முடிந்தது.

2008-இல் புவனோஸ் ஐரிஸ் நகரிலுள்ள திரைப்பட அருங்காட்சியகத்தில், பவுலா ஃபெலிக்ஸ் டிடியர், ஃபெர்னாண்டோ பெஞ்ஞா ஆகியோரின் முயற்சியால் சுருக்கப்படாத வடிவத்தின் படி ஒன்று கண்டறியப்பட்டது. அது பழைய 35 மி.மீ. படியிலிருந்து எடுக்கப்பட்ட 16 மி.மீ. படி, கீறல்கள் மிகுந்தது. அதன்வழி ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் மீண்டும் கிடைத்தன. 11811 என்னும் எண்ணால் அழைக்கப்படும் தொழிலாளி, தலைவனின் ஒற்றனாகிய மெலிந்த மனிதன், பணியிழந்த செயலர் யோசபாட் ஆகியோரின் கதைகள் முழுமை பெற்றன. புதிதாகக் கிடைத்த காட்சிகளை உரிய இடத்தில் பொருத்துவதற்கும் ஹுப்பெர்ட்ஸின் குறிப்பேடு துணைநின்றது. 2010 பிப்ரவரி 12 அன்று, பிராங்க் ஸ்ட்ரோபல் நடத்திய பெர்லின் வானொலி இசைக்குழுவின் நேரடி இசையுடன் இப்பதிப்பு பெர்லினில் திரையிடப்பட்டது.

இங்கு ஒரு செய்தி ஆழ்ந்து நோக்கத்தக்கது. 16 மி.மீ. படியிலிருந்து சேர்க்கப்பட்ட காட்சிகளில் கீறல்கள் முற்றிலும் நீக்கப்படவில்லை. படியெடுத்தபோது இழந்த விளிம்புப் பகுதி கருநிறமாகவே விடப்பட்டுள்ளது. இன்னும் கிடைக்காத காட்சிகளான துறவியின் உரை, ரோட்வாங்குக்கும் ஃபிரேடர்சனுக்கும் இடையிலான கைகலப்பு ஆகியவை எழுத்துவடிவில் சுருக்கித் தரப்பட்டுள்ளன. எப்பகுதி எங்கிருந்து வந்தது, எது இல்லை என்பதைப் பார்வையாளர் தம் கண்ணாலேயே அறியலாம். சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டும் நல்ல பதிப்பாசிரியரின் நேர்மை இது.

இந்நேர்மை இசைக்கு எளிதில் வாய்ப்பதன்று. நூலொன்றில் மூலமும் உரையும் தனித்தனியே அச்சிடப்படுகின்றன. கற்போர் இரண்டையும் பிரித்தறிகின்றனர். படத்துடன் கலந்தொலிக்கும் இசையோ மூலத்தின் உள்ளேயே கரைந்துவிடுகிறது. 1927-இன் காட்சியும் 1984-இன் ஒலியும் ஒரே அனுபவமாகப் பார்வையாளரை அடைகின்றன. அவற்றிடையே ஐம்பத்தேழு ஆண்டுகள் உள்ளன என்பதைக் காட்டும் தழும்பு ஏதும் ஒலியில் இல்லை. புதிய இசை ஓர் உரை என்றால், மூலத்தினின்று பிரித்துக் காட்டப்படாத உரை அது.

மூல இசை நிலைபெறாத படம்: ஓர் ஒப்பீடு

மேற்கண்ட முடிவை எல்லா மௌனப்படங்களுக்கும் பொதுவாக்குதல் பொருந்தாது. கார்ல் தியோடர் டிரையர் இயக்கிய ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ (1928) இதற்குச் சான்று. பிரெஞ்சு வெளியீட்டுக்கென லியோ பூஜே, விக்டர் அலிக்ஸ் ஆகியோர் இசை அமைத்திருந்தனர். எனினும் இயக்குநரின் ஒப்புதலுடன் நிலைபெற்ற இசை என ஒன்று இப்படத்திற்கு இல்லை. அதன் மூல எதிர்ச்சுருள் தீயில் அழிந்தது. 1950-களின் தொடக்கத்தில் லோ டூக்கா என்பவர் பாக், விவால்டி முதலியோரின் இசையைச் சேர்த்து, இடைத்தலைப்புகளுக்கு மாற்றாகத் துணைத்தலைப்புகளை இட்டு ஒரு பதிப்பை வெளியிட்டார். டிரையர் அதனை ஏற்கவில்லை. அங்குச் சேர்க்கப்பட்டது நவீன இசையன்று, செவ்வியல் இசையே. ஆயினும் மோரோடரின் பதிப்பில் நேர்ந்ததே அங்கும் நேர்ந்தது. ஆகவே, இசையின் பழமையோ புதுமையோ சிக்கலின் வேர் அன்று என்பது புலனாகிறது.

1981-இல் ஓஸ்லோ நகரை அடுத்த மனநல மருத்துவமனை ஒன்றில் இப்படத்தின் முதல் வடிவத்தின் படி கிடைத்தது. பின்னர் அமெரிக்க இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஐன்ஹார்ன், இப்படத்தால் உந்தப்பெற்று ‘வாய்சஸ் ஆஃப் லைட்’ என்னும் இசைப்படைப்பை 1994-இல் உருவாக்கினார். இடைக்காலப் பெண்களின் எழுத்துகளிலிருந்து எடுக்கப்பட்ட சொற்களைக் குரலிசையாகக் கொண்ட இப்படைப்பு, படமின்றித் தனித்தும் நிகழ்த்தப்படக்கூடியது. படத்துடன் இணைந்து ஒலிக்கும்போதும் இது இடைத்தலைப்புகளையோ காட்சி வரிசையையோ மாற்றக் கோரவில்லை. பிற்கால வட்டு வெளியீட்டில் இப்படம் நொடிக்கு 20 சட்டகம், 24 சட்டகம் என இரு வேகங்களிலும், ஒன்றுக்கு மேற்பட்ட இசைத்தடங்களுடனும் தரப்பட்டுள்ளது. பாடவேறுபாடுகளை அருகருகே வைத்து, தேர்வைக் கற்போரிடமே விடும் முறை இது எனலாம்.

மதிப்பீட்டு அளவுகோல்கள்

மேற்கண்ட ஒப்பீட்டின் வழி, மீட்கப்பட்ட மௌனப்படத்திற்கு அமைக்கப்படும் புதிய இசையை மதிப்பிட மூன்று அளவுகோல்களை முன்மொழியலாம்.

1. சான்றுநிலை: அப்படத்திற்கென எழுதப்பட்ட இசை எஞ்சியுள்ளதா என்பதை முதலில் அறிதல் வேண்டும். எஞ்சியிருப்பின், அவ்விசையுடன் கூடிய வடிவம் முதலில் நிலைநிறுத்தப்பட வேண்டும். புதிய இசை அதற்கு அடுத்த நிலையில் வரலாம். எஞ்சவில்லையெனில் புதிய இசைக்கு உரிமை மிகுதி.

2. பாடக்காப்பு: புதிய இசைக்காகப் படத்தின் நீளம், வேகம், இடைத்தலைப்பு, வண்ணம், காட்சி வரிசை ஆகியவற்றுள் எதுவும் மாற்றப்பட்டதா என்று நோக்க வேண்டும். மாற்றப்பட்டிருப்பின் அது இசைச்சேர்ப்பு என்னும் நிலையைக் கடந்து மறுபடைப்பாகிறது. மறுபடைப்பு தன்னளவில் குற்றமன்று. மீட்டெடுப்பு என்னும் பெயரால் அது வழங்கப்படுதலே பிழை.

3. பிரித்தறி நிலை: இசை எக்காலத்தது, யாருடையது என்பது பார்வையாளருக்கு அறிவிக்கப்படுகிறதா, அவ்விசையை விலக்கிப் படத்தைக் காணும் வாய்ப்பு தரப்படுகிறதா என்பன கருதத்தக்கவை. நேரடி நிகழ்த்துகையில் இசைஞர் கண்முன் அமர்ந்திருத்தலால் இவ்வேறுபாடு தானே விளங்கும். வட்டிலும் இணையத்திலும் அது அறிவிப்பாலும் தனித்தடத்தாலுமே விளங்கும்.

இவ்வளவுகோல்களின்படி மோரோடரின் பதிப்பு பாடக்காப்பில் தவறுகிறது. அதனை 1980-களின் மறுபடைப்பு என வகைப்படுத்துவதே முறை. அப்பதிப்பு 2011-இல் தனி வெளியீடாக மீண்டும் வந்தமை இவ்வகைப்பாட்டுக்குத் துணைசெய்கிறது. முழுமை பெற்ற படம் கிடைத்தபின் அது படத்தின் இடத்தை நிரப்ப வேண்டிய தேவையினின்று விடுபட்டு, தன் காலத்தின் ஆவணமாக நிற்கிறது. இவ்வாறு மூலம் உறுதிப்பட்டபோது புதிய இசைக்கும் அதற்குரிய இடம் தெளிவாயிற்று.

முடிவுரை

மௌனப்படத்திற்கு ஒரே சரியான இசை உண்டு என்பது வரலாற்றுக்கு ஒவ்வாத கருத்து. அரங்குக்கு அரங்கு இசை மாறிய காலத்தில் பிறந்த கலை அது. அதனால் புதிய இசையை விலக்கி வைக்க வேண்டியதில்லை. ஆனால் எவ்விசையும் பொருந்தும் என்பதற்கும் ‘மெட்ரோபோலிஸ்’ இடந்தரவில்லை. ஹுப்பெர்ட்ஸின் இசை காலத்துக்கு ஒவ்வாதது எனக் கருதி அதன் தாள்கள் கைவிடப்பட்டிருப்பின், புவனோஸ் ஐரிஸில் கிடைத்த காட்சிகளின் வரிசையைச் சரிபார்க்கும் முதன்மைச் சான்று ஒன்று இல்லாமற் போயிருக்கும். படச்சுருளைத் தேடுவோர், அதனுடன் ஒலித்த இசையின் தாள்களையும், குறிப்புத்தாள்களையும், தணிக்கை ஆவணங்களையும் அதே அக்கறையுடன் தேடிக் காக்க வேண்டும் என்பது இவ்வாய்வு உணர்த்தும் நடைமுறைச் செய்தியாகும். மௌனப்பட இசையைக் கலைப்பொருளாக மட்டுமன்றிப் பாடச்சான்றாகவும் கொண்டு ஆராய்வதற்கு இத்துறையில் இன்னும் மிகுந்த இடமுண்டு.